கண்ணீர் அஞ்சலி

ஊரடங்கில் டெல்லியிலிருந்து வந்திறங்கிய பரசுராமனை, சென்னை விமான நிலையத்தில் அதிகாரி மறித்தார்.

“திருவண்ணாமலைக்கு என்ன அவசியம்?”

“அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ் சார்.”

“சீரியஸுக்கெல்லாம் விட முடியாது. சாவுன்னாதான் அனுமதி. அடுத்த ஃபிளைட்ல திரும்பிடுங்க.”

பரசுராமன் கொதித்துப்போய், அம்மாவோடு இருந்த தங்கை சினேகாவிடம் அதிகாரி சொன்னதைப் போனில் சொல்லிக் கத்தினான். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் அம்மாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது.

அதை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“செத்துட்டாங்கய்யா! இப்ப திருப்தியா?”

அதிகாரி வழிவிட்டார்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டுக்குள் அழுதுகொண்டே நுழைந்தவனை, கட்டிலில் மூச்சு வாங்கியபடி அம்மா முறைத்தாள்.

“அழுவாதடா. போஸ்டர் போடச் சொன்னதே நான்தான். பொணத்தைப் பாக்கத்தான் உன்னை விடுவானுங்களாமே! செத்தப்புறம் நீ வந்தா என்ன, வராட்டி என்னடா?”