இரண்டு குழாய், ஒரே நிறம்

பெரியகடை வீதி டாக்டரின் ஜன்னலில், காலை வெயிலில், இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன. நீல மருந்தில் மூத்திரத்தை விட்டுக் காய்ச்சியதும் இரண்டும், சர்க்கரை இருப்பதைக் காட்டும் செங்கல் நிறமாகிவிட்டன. ஒன்று ஜுலைகாவின் கணவர் முகம்மது கனியுடையது. மற்றது பத்து வயது மகள் சபுராவுடையது. ஒரே நிறத்தைக் கண்டதும்தான் ஜுலைகாவுக்கு மூச்சு வருகிறது. பத்து வருஷமாக இதே சர்க்கரை நோயோடு சோற்றைக் குறைத்து, கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டே கனி தொந்தியோடு கடைக்குப் போய்வரவில்லையா? "அவங்க அத்தா பத்தியத்தையே ரெண்டு மாசமா இவளுக்கும் வச்சிருக்கேங்க. சோத்தைக் கண்ணுல காட்டலை," என்கிறாள். டாக்டர் குனிந்து சபுராவின் மூச்சை முகர்கிறார். ஒரு வாரமாக ஜுலைகாவுக்கும் தெரிந்த, அழுகின பழத்தின் வாசம். பிள்ளையின் கண்ணாடி வளையல் முழங்கைக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. "நிறந்தான் ஒண்ணும்மா, நோய் வேற. அவருக்குப் பத்தியம் போதும். சாப்பிட்டதை உடம்புல சேர்க்கிற சத்தே இவளுக்குச் சுரக்கலை. தினம் இன்சுலின் ஊசி போட்டு, வயிறாரச் சோறும் போடணும். மருந்துக்கு மெட்ராஸுக்குத் தந்தி அடிக்கிறேன்," என்கிறார் அவர், எப்போது வந்து சேரும் என்று மட்டும் சொல்லவில்லை. கனி குழாய்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சபுரா தண்ணீர் கேட்கிறாள். ஜுலைகா வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். விடிந்ததும் மகள் திருட்டுத்தனமாய் வாயில் போட்டுக்கொண்டதைத் தோண்டி எடுத்தபோது சிக்கிய சோற்றுப் பருக்கை, ஆள்காட்டி விரல் நகத்தில் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது.