ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர்

மணி மூன்றாகியும் மாடிப்படிக்குக் கீழே வாளி வந்திருக்கவில்லை.

தினமும் இரண்டரைக்கெல்லாம் என் மனைவி சொர்ணம் அதைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். "தண்ணி வச்சிருக்கேன், பைய தூக்கிட்டுப் போங்க" என்பாள். நான் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், விரித்திருக்கும் சாக்குகளில் ஊற்றுவேன். மூன்று வாரமாக இதுதான் எனக்கு உத்தியோகம்.

இன்றைக்கு மகன் கணேஷ்ராமைக் கூட்டிக்கொண்டு ஜவுளி எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. மாடி அறையில் மருமகள் பிருந்தாவும் பேத்தியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாக்கு காய்ந்தால் தளம் சுடும். தளம் சுட்டால் பேத்திக்கு வேர்க்கும்.

போன சித்திரையில் அப்படித்தான் ஆயிற்று. பெங்களூரிலிருந்து பத்து நாள் இருக்க வந்தவர்கள், பிள்ளையின் முதுகெல்லாம் வேர்க்குரு வந்து மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்கள். டாக்சி தெருமுக்கு திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே வந்து சொர்ணத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏசி வாங்கியிருக்கலாம்தான். ஆனால் நான் பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவன். இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு, வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், உள்ளே ஏசி நுழைந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். ஏசி வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கக்கூட இல்லை.

ஆகவே இந்த வருடம் அறிவியல். தளத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பு. அதன்மேல் அரிசி மண்டியில் வாங்கிய பன்னிரண்டு சணல் சாக்கு. காலையில் ட்யூப் போட்டு நனைப்பேன். மத்தியானம் டேங்க் தண்ணீர் கொதிக்கும், அதற்குத்தான் சொர்ணத்தின் வாளி. ஆவியாகிற தண்ணீர் தளத்துச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும் என்று படம் போட்டு அவளுக்கு விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

பலனை நேரில் பார்க்கத்தான் வழியில்லை. மகனும் மருமகளும் படுக்கிற அறைக்குள் மாமனார் நுழைவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. காலையில் பிருந்தா இறங்கி வரும்போது படியடியில் நின்று விசாரிப்பேன்.

"குளுகுளுன்னு இருக்கு மாமா. போர்வை கேக்குது."

போர்வை என்ற அந்த ஒரு சொல்லில் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அகமது மீரானைக் கூப்பிட்டு ஆவியாதல் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ராத்திரி பூராவும் உம்ம வீட்டு ஏசி இரையுதே, எதுக்குவே இந்தத் தெண்டச் செலவு என்றும் கேட்டேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னால் சரிதான் என்று உள்ளே போய்விட்டார்.

வாளித் தண்ணீரில் கை விட்டால் சில்லென்றிருக்கும். தாமிரபரணித் தண்ணீர் அப்படித்தான் என்று பேத்தியின் காலில் தெளித்துக் காட்டினேன். வாளிக்குள் எப்போதும் ஒரு பழைய துண்டு கிடக்கும். படியில் தண்ணீர் சிந்தாமலிருக்கச் சொர்ணம் போடுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கொஞ்சம் அறிவியல் ஒட்டிவிட்டது என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று பத்துக்கு வாளியைத் தேடி நானே கிளம்பினேன். குழாயடியில் இல்லை. புறவாசலில் இல்லை. வீட்டுக்கும் மீரான் வீட்டு மதிலுக்கும் நடுவே, ஒருச்சாய்ந்தால் ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு முடுக்கு உண்டு. என் வயிற்றை உத்தேசித்து நான் அதற்குள் போய் நாலு வருடம் ஆகிறது. மூச்சை எக்கிக்கொண்டு நுழைந்தேன்.

வாளி அங்கேதான் இருந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது.

எடுக்கக் குனிந்தேன். வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது, சில்லென்று.

தளம் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று வாரம் ஊற்றியது சுவருக்குள் இறங்கிவிட்டது. அறிவியல் பேசிப் பேசி வீட்டையே கெடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன்.

சுவரோடு ஒரு வெள்ளைக் குழாய் இடுப்பு உயரம்வரை இறங்கியிருந்தது. அது புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில், மாடி ஜன்னல் சன்ஷேடின்மேல், ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி பூராவும் நான் கேட்ட அதே இரைச்சல்.

போன மாதம் ராதாபுரத்துக் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் இரண்டு நாள் தங்கினேன். சொர்ணம் மூட்டுவலி என்று வரவில்லை.

கோபம் வந்தது. ஆனால் கையை ஓங்கிப் பேசக்கூட அந்த முடுக்கில் இடமில்லை.

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டதாகக் கணேஷ்ராம் நேற்றுத்தான் சொல்லியிருந்தான். பேத்தி முதுகில் ஒரு வேர்க்குரு இல்லை. இத்தனை பேர் சேர்ந்து, மீரான் உட்பட, என் வாய்ச்சவடாலைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

வாளியை எடுக்காமல் அப்படியே விட்டேன்.

டொப் என்று அடுத்த சொட்டு தண்ணீரில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மத்தியான அமைதியில் அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும்.

பழைய துண்டு வாளிக்குள் நழுவிக் கிடந்தது. அதன் ஒரு நுனியை எடுத்துக் குழாயின் வாயில் செருகினேன். தண்ணீர் துண்டோடு வழிந்து, சத்தமே இல்லாமல் வாளிக்குள் இறங்கியது.

இல்லாவிட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன்.