எட்டுத் துண்டு மூளை

மறுநாள் காலை பரீட்சை. லோசா சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

உளவியல் படிப்பில் அவளைப் படுத்தி எடுத்தது இந்த ஒரு பாடம்தான். மேஜைக்கு மேஜை மூளை மாதிரியை வைத்து, ஊசி குத்தி, இது என்ன பகுதி என்று கேட்பார்கள். யோசிப்பதற்குள் மணி அடித்துவிடும். போன வருஷம் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் உதவித்தொகை ரத்து. கல்லூரி இருக்கும் சுவா நகரத்தை விட்டு, சொந்த ஊரான கடாவுத் தீவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். ஊர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

படத்தைப் பார்த்துப் படித்தால் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது. கழற்றி மாட்டிப் பார்க்க நூலகத்தில் இருந்ததோ ஒரே ஒரு பிளாஸ்டிக் மூளை. எட்டுத் துண்டு. ஆளுக்கு இரண்டு மணி நேரம்.

லவுட்டோகா ஊர்க் கல்லூரியிலிருந்து இந்த வருஷம் மாறி வந்த உனைசிதான் அதை வாரம் முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். வகுப்பில் டக் டக்கென்று பதில் சொல்கிறவளுக்கு இது எதற்கு என்று லோசாவுக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்குத்தான் லோசாவின் முறை வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே, தூரத்தில் உனைசி வந்துகொண்டிருந்தாள். அவள் 'கேரேகேரே', தயவுபண்ணிக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படிக் கேட்ட பிறகு இல்லையென்று சொல்ல எந்த ஃபிஜிக்காரிக்கும் நாக்கு வராது.

லோசா சட்டென்று பெட்டியைப் பழைய புத்தகங்களுக்குப் பின்னால் செருகினாள்.

"மூளை எங்க லோசா?"

"கவுன்ட்டர்ல குடுத்துட்டேனே."

சொல்லிவிட்டு மளமளவென்று வெளியே நடந்தாள். நூலகப் பொருளை ஒளித்தது தெரிந்தால் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பூனை மாதிரி வந்து கையை விட்டுத் துழாவினாள். பெட்டியைக் காணோம்.

"லோசா, இங்க வா." கவுன்ட்டரிலிருந்து நூலகர் மெரேயா அக்கா கூப்பிட்டாள்.

போய் நின்றாள். மெரேயா அந்தப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள்.

"அலமாரியில மறந்து வச்சிட்டுப் போயிட்டியாமே? உனைசிதான் கொண்டுவந்து குடுத்தா. இனிமே சாயங்காலம் வரைக்கும் அவ முறை. அதையும் உன் பேருக்கு மாத்தச் சொல்லிட்டுப் போறா."

லோசா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மெரேயா பேச்சை நிறுத்தவில்லை.

"நான்தான் உனைசிகிட்டச் சொன்னேன், லோசாகிட்டப் போய்க் கேளுடி, ரெண்டு பேருமா உக்காந்து படிங்கன்னு. 'நான் கேட்டா அவ குடுத்துத்தானே ஆகணும் அக்கா? பாவம், பயந்து போயிருக்கா. அவளே வச்சுக்கட்டும்'னு சொல்லிட்டா."

"அவளுக்கென்ன அக்கா, புத்தகத்தைப் பார்த்தே எழுதிடுவா" என்று முனகினாள் லோசா.

மெரேயா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா? போன வருஷம் லவுட்டோகாவுல அவளும் இதே பாடத்துலதான் ஃபெயில். நாளைக்குப் போச்சுன்னா அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."