மூவாயிரம் வருஷத்துக் கழுத்து வலி

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து மியூசியக் கிட்டங்கிக்கு இரண்டாவது நடையும் வந்தாயிற்று. சுமட்டுக்காரன் ஒச்சப்பனுக்குக் கழுத்து விண்ணென்று தெறித்தது. முதல் நடையில் வந்த பெட்டியைத் திறந்து, தாழியில் கிடைத்த ஆதிகாலத்து எலும்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார் புரொபசர் சிவசங்கரன். செத்தவனைக் கிடக்க விடாத இதுவும் ஒரு படிப்பா என்று ஒச்சப்பனுக்கு இளக்காரம்.

"சாமி, என்னை அனுப்பிவிடுங்க. கழுத்து நோவுது."

"பொறுடா. இந்தக் கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு, கேட்டியா? இவன் ஆயுசு முழுக்கத் தலைச்சுமடு எடுத்தவனாக்கும்!"

"இதைக் கண்டுபிடிக்கவா சாமி இம்புட்டுப் படிப்பு?"

"மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின வலிடா! எனக்கு இப்பத் தெரியறது பாரு."

"அப்பச் சட்டுனு தைலம் தேச்சுவிடுங்க."

"பரிகாசம் பண்ணாதே. பாவம், எத்தனை நாழி நின்னானோ! கை குடுத்து இறக்கிவிட ஒரு மனுஷன் இல்லாமப் போயிட்டானே!" புரொபசருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அவன் கெடக்கான் சாமி," என்று பல்லைக் கடித்தான் ஒச்சப்பன். "கால்மணி நேரமா ரெண்டாவது பெட்டி என் தலையிலதான் இருக்கு. ஒரு கை பிடிங்க."

புரொபசர் பதறிப்போய்த் திரும்பினார்.

"ஐயோ, ஆடாம நில்லுடா! எலும்புக்கு ஏதாவது ஆயிடப் போறது!"