நெட்டையன் பெயரில் ஒன்பது கூடைகள்

கூடைப்பந்து அணியிலிருந்து ஒருவரை நீக்க வேண்டியிருந்தது. தேர்வாளர், நெட்டையனின் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

“போன ஆட்டத்துல இவனைத் தாண்டி ஒன்பது கூடை! ஆறே முக்கால் அடி உயரம் எதுக்கு, ஒட்டடை அடிக்கவா?”

மதிப்பீடு சொல்ல வந்தவர் காணொளியை நிறுத்தினார்.

“குறை இருக்கு சார். வெளியே இழுத்துட்டா கால் மெதுவாத்தான் நகரும். ஆனா இங்க பாருங்க. எதிராளி எம்பறதுக்கு முன்னாடியே இவன் கை அங்க நிக்குது.”

“அப்புறம் எப்படி ஒன்பது?”

“கூடை விழும்போது பக்கத்துல யார் நிக்கறாங்களோ, அவங்க பேர்ல குறிக்கிறோம். ஒன்பதுமே நம்ம அணியில வேறொருத்தன் கோட்டைவிட்ட ஆள் போட்டது. இவன் தன் ஆளையும் பாத்துக்கிட்டு, பதினேழு தடவை ஓடி வந்து மறிச்சான். எட்டைத் தடுத்துட்டான்.”

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த வேறொருத்தனைக் காணோமே?”

“கேமரா கூடைக்கடியில இருக்கு சார். அவன் படத்துக்கு வெளியே.”

“நெட்டையன் ஏன் வாயைத் திறக்கல?”

“அதான் சார் எனக்கும் புரியல. ஒரு தடவைகூட முறைக்கல. ‘விடுங்க கேப்டன், அடுத்ததைப் பாத்துக்கலாம்’னு தோளைத் தட்டிட்டுப் போனான்.”

தேர்வாளர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “கேப்டனா?”

“ஆமா சார், அந்த வேறொருத்தன் நான்தான். அடிக்கிறதுன்னா என் பேரை அடிங்க.”

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு, காணொளியை முதலிலிருந்து ஓடவிட்டார். இம்முறை இருவரும் நெட்டையனை மட்டுமே பார்த்தார்கள்.