சாம்பலாகாத உதடு

கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷன் முகத்துக்கு முந்நூறு ரூபாய், பிரேம் தனி என்றான் ராயபுரம் ஸ்டுடியோ ஜெபின். காசிமேட்டில் மீன் விற்கும் மங்கம்மா அதை இருநூறுக்கு இறக்கிவிட்டாள்.

"கலர்லயே போடு நைனா. இன்னும் பாடி கெடைக்கல."

"கருப்பு வெள்ளதான். நாளிக்குக் காரியம் கீது," என்றான் கூட வந்த கொழுந்தன் வெற்றி. அவர்கள் வீட்டில் மாலை போடும் படத்தில் நிறம் கூடாது.

ஜெபின் நிறத்தை முழுக்க நீக்கினான். பிரிண்டர் மூன்று நிறக் கலவையான ஆர்ஜிபியைத்தான் ஏற்கும் என்பதால் படத்தை அதற்கு மாற்றினான். கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமபங்குக் கூட்டாளிகள்; எந்தப் புள்ளியிலும் மூன்றுக்கும் ஒரே எண்தான் வர வேண்டும். சட்டையில் அப்படித்தான் வந்தது, வானத்திலும் வந்தது. உதட்டில் மட்டும் சிவப்பு இரண்டு கூடியிருந்தது.

மறுபடி நீக்கி, மறுபடி மாற்றினான். ஐந்து கூடியது.

"இன்னாத்த மொறைச்சுகினு கீற?" என்றான் வெற்றி.

ஜெபின் திரையை மங்கம்மா பக்கம் திருப்பினான். "அக்கா, நீக்க நீக்க உதட்டுல செவப்பு ஏறுது. காரியத்த ரெண்டு நாள் தள்ளிப்போட முடியுமா?"

"ஐயருக்கு அட்வான்ஸ் குட்தாச்சு," என்றான் வெற்றி.

மங்கம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தபா பண்ணு நைனா."

சிவப்பு 131. பச்சை 122. நீலம் 122. கணக்கு நேராகவில்லை, சிவப்பில் ஒன்பது மிச்சம்.