நற்கருணைக்குப் போகாதவர்

"இன்னைக்கும் உன் வீட்டுக்காரர் நற்கருணைக்கு எழுந்திருக்கலையே, ரிப்கா?"

கோயில் வாசலைத் தாண்டி இன்னும் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் ஒருத்தி கேட்டுவிட்டாள். ஐந்து ஞாயிறாக இதே கேள்விதான். ரிப்கா காதில் விழாதவள் போல நடந்தாள்.

நூறு வீடுகூட இல்லாத ஊர். பூசையில் யார் எழுந்து போனார், யார் உட்கார்ந்தே இருந்தார் என்பதெல்லாம் மறைக்கக்கூடிய சங்கதியா?

லபீப் மறைக்கவும் இல்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். இவரோ, ஊர் முழுக்கப் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து, வாசலில் நாற்காலி போட்டு டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்திருப்பார். பிறகு சாவகாசமாகக் கோயிலுக்கு வந்து, ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் எல்லார் கண்ணிலும் படும்படி அமர்ந்துகொள்வார்.

ஊருக்குக் காரணம் தெரியும். லபீப் வயலுக்கு முறைத் தண்ணீர் வரவேண்டிய இரண்டு நாளும் யாரோ மடையை அடைத்துவிட்டார்கள். மக்காச்சோளம் அத்தனையும் கருகிப் போயிற்று. கால்வாய் ஓரம் பத்துப் பேருக்கு வயல் இருக்கிறது. யாரைச் சந்தேகப்படுவது?

"செய்தவர் மனந்திரும்பட்டும். அதுவரை இந்த நற்கருணைப் பாத்திரத்தின் பக்கம் வர வேண்டாம்" என்று கோயில் குருவான அபூனா பலிபீடத்தின் முன் நின்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு யார் எழுந்திருக்காமல் இருக்கப் போகிறார் என்று ஊரே கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.

எழுந்திருக்காதவர் லபீப்!

"மன்னிக்கவே மாட்டேன்னு அபூனாகிட்டயே சொல்லிட்டாராம். அவரும், பகையோட இங்க வராதேன்னு தடுத்துட்டாராம்" என்று ஊர் தானே ஒரு கதை கட்டி முடித்தது. தண்ணீர் திருடனை எல்லாரும் மறந்தே போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரிப்கா வெடித்தாள்.

"நமக்கு ஒரே பொண்ணு. நிச்சயம் பண்ணி மூணு மாசம்கூட ஆகலை. அவளுக்காகவாவது அந்தப் பாவியை மன்னிச்சுத் தொலைக்கக் கூடாதா?"

"இன்னும் ஒரு ஞாயிறு பொறுத்துக்கோ."

"பகைக்குக்கூடக் கெடு வைப்பீங்களா?"

லபீப் வாசலில் கிடந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனை நமக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம், அவள் பயந்தபடியே சம்பந்தி வீட்டார் வந்தார்கள். எஸ்தர் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அவள் கணவர் மக்ரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

ரிப்கா டீ கொண்டுவந்து வைத்தாள். எஸ்தர் அதைத் தொடவில்லை.

"தப்பா நினைக்காதே, ரிப்கா. மின்யா பட்டணத்துல இருக்கிற என் தங்கச்சி வரைக்கும் கேக்கிறா. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

"எஸ்தர், பொண்ணு என்ன பாவம் பண்ணினா?"

"அப்பன் வளர்த்த பொண்ணுதானே? கருகினது ஒரு போகம் சோளம். அதுக்கு இத்தனை வன்மமா? நாளைக்கு என் வீட்டுல ஒரு பானை உடைஞ்சா இவளும் இப்படித்தான் மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டு உட்காருவா." அவள் லபீபின் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, ஜெபம் சொல்றப்போ மன்னிப்பு வர்ற இடத்துல மட்டும் வாயை மூடிக்குவீங்களா?"

லபீப் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"சொல்லுங்களேன்!" ரிப்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"மன்னிச்சாச்சு" என்றார் லபீப், மெதுவாக.

"மன்னிச்சவர் ஏன் உட்கார்ந்தே இருக்கீங்க?" எஸ்தர் விடவில்லை.

லபீப் ஆறிப்போன டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாத்தியா ரிப்கா? மோதிரத்தைக் கழட்டிக் குடுக்கச் சொல்லு."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகள் இரீனி வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் வலதுகை மோதிரத்தைத் திருகினாள். விரல் சிவந்ததே தவிர மோதிரம் வரவில்லை. லபீப் எழுந்து ஒரு அடி எடுத்து வைத்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கல் நெஞ்சுக்காரர் என்று ரிப்கா மனதுக்குள் சபித்தாள்.

"கழட்டாதேம்மா."

வாசற்படியிலிருந்து மக்ரம் உள்ளே வந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

லபீப் பதறி எழுந்தார். "மக்ரம், வேண்டாம்ப்பா. இன்னும் ஒரே வாரம்தான்."

"போதும்ணே. உங்க பொண்ணு விரலைப் பார்த்துக்கிட்டு என்னால நிக்க முடியலை." மக்ரம் மனைவியைப் பார்த்தார். "மடையை அடைச்சது நான்தான், எஸ்தர்."

எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அபூனாகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். நாப்பது நாள் நற்கருணை கூடாது, முதல்ல லபீப்கிட்ட போன்னார். வயல்ல இவர் காலைப் பிடிச்சு அழுதேன். இவர் அப்பவே மன்னிச்சிட்டார். ஆனா, கோயில்ல நான் மட்டும் எழுந்திருக்காம இருந்தா ஊருக்குத் தெரிஞ்சிடுமேன்னு நடுங்கினேன். 'நீ பின்னால உட்காரு, நான் முன்னால உட்கார்றேன்'னு சொன்னார்."

மக்ரமின் குரல் உடைந்தது.

"ஊரே இவரையே பார்த்துக்கிட்டு இருந்ததுல, அஞ்சு வாரமா எழுந்திருக்காத உன் புருஷனை நீகூடப் பார்க்கலையே, எஸ்தர்!"